டம்ளரும் டவராவும் போதும்: சின்னப் பிள்ளைகளுக்குத் திரவங்களின் குணங்கள்

ஐந்து வயதுப் பிள்ளையிடம் “திரவம்னா என்ன?” என்று கேட்டால் “தண்ணி” என்று பதில் வரும். இன்னும் சொல்லு என்றால் பால், எண்ணெய், மோர், ரசம் என்று அடுக்கும். “அப்ப அரிசி?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் நின்று யோசிக்கும். அரிசியையும் ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்குச் சரசரவென்று கொட்டலாம். தூக்குவாளியில் போட்டால் தூக்குவாளி வடிவம், உழக்கில் போட்டால் உழக்கு வடிவம். ‘திரவத்துக்கென்று குறிப்பிட்ட வடிவம் கிடையாது’ என்ற பாட வரியைத் தப்பில்லாமல் ஒப்பிக்கும் நான்காம் வகுப்புப் பிள்ளைகூட இந்த இடத்தில் திணறும். அந்த வரியைச் சொல்லிப் பார்த்திருக்கிறதே தவிர, ஊற்றிப் பார்த்ததில்லை.

ஊற்றிப் பார்த்துவிட்டால் விஷயம் முடிந்தது. ஒரு தாம்பாளத்தில் இரண்டு கை அரிசி, இன்னொரு தாம்பாளத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். அரிசி நடுவில் மேடு கட்டிக் குவியலாக நிற்கும். தண்ணீர் மேடு கட்டாது, தாம்பாளம் முழுக்கப் பரவி ஒரே மட்டமாக நிற்கும். இரண்டையும் லேசாகச் சாய்த்தால் தண்ணீர் உடனே தாழ்ந்த பக்கம் ஓடும், அரிசி இருந்த இடத்திலேயே கிடக்கும். ஒவ்வொரு அரிசியும் தனித்தனியாக ஒரு திடப்பொருள், நிறையச் சேர்ந்தால் ஓடுவதுபோலத் தெரிகிறது என்று அதற்கு அப்புறம் சொன்னால் போதும். ரவை, சீனி, ஆற்று மணல் என்று மிச்சத்தைப் பிள்ளையே சோதித்துக்கொள்ளும்.

மூன்று வயது முதல் எட்டு வயது வரை உள்ள பிள்ளைகளோடு உட்கார்ந்து செய்யக்கூடியவை கீழே இருப்பவை. மதுரைப் பக்கத்து வீட்டு அடுப்படியில் இல்லாத சாமான் எதுவும் அநேகமாகத் தேவைப்படாது. ஒரு பழக்கத்தை மட்டும் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். ஊற்றுவதற்கு முன்னால் “என்ன ஆகும்?” என்று கேளுங்கள். பிள்ளை ஏதாவது ஒரு பதில் சொல்லட்டும், அப்புறம் அதுவே ஊற்றட்டும், அதற்கு அப்புறம் பேசலாம். அடர்த்தி, பாகுத்தன்மை போன்ற பெயர்கள் கடைசியில் வந்தால் போதும். முதலிலேயே பெயரைக் கொடுத்துவிட்டால் பிள்ளை அந்தச் சொல்லைத்தான் பிடித்துக்கொள்ளும், கண்முன் நடப்பதைக் கவனிக்காது. சொன்ன பதில் நடக்காமல் போனால் “தப்பு” என்று சொல்ல வேண்டாம். தான் நினைத்தது ஒன்று, நடந்தது ஒன்று என்று பிள்ளை முழிக்கிறதே, அப்போதுதான் ‘ஏன்’ என்ற கேள்வி அதற்குச் சொந்தமாகிறது.

இடம் எது என்றால் மொட்டை மாடி, இல்லாவிட்டால் வாசல் திண்ணை. தண்ணீர் சிந்தும், சிந்தட்டும். ஒரு வாளித் தண்ணீருக்கு மேல் எதற்கும் தேவைப்படாது, முடிந்ததும் சாயம் கலக்காத தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடலாம். மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் இருக்கும்போது அந்த வாளியை விட்டு எழுந்து போகாதீர்கள். சின்னப் பிள்ளை மூழ்குவதற்கு வாளியில் ஒரு சாண் தண்ணீரே போதும். மண்ணெண்ணெய், உடைந்த தெர்மாமீட்டரின் பாதரசம் இரண்டும் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் பக்கத்திலேயே வர வேண்டாம்.

உயரமா, அகலமா?

ஒரே மாதிரி இரண்டு டம்ளர்களில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுங்கள். “ரெண்டும் சமமா?” என்று பிள்ளையிடமே கேட்டு, அது கண்ணை வைத்துப் பார்த்துச் சமம் என்று ஒத்துக்கொள்ளும் வரை ஒரு சொட்டு கூட்டி ஒரு சொட்டு குறைத்துச் சரி செய்யுங்கள். இப்போது ஒரு டம்ளர் தண்ணீரை அகலமான டவராவில் ஊற்றச் சொல்லுங்கள். எதில் நிறைய இருக்கிறது?

நாலைந்து வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் டம்ளரைத்தான் காட்டும். அதில்தானே தண்ணீர் உயரமாக நிற்கிறது! ஊற்றியதே அந்தப் பிள்ளைதான், ஒரு சொட்டும் சிந்தவில்லை என்பதும் அதற்குத் தெரியும். ஆனாலும் டம்ளரில்தான் அதிகம் என்று உறுதியாகச் சொல்லும். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த ஜான் பியாஜே (1896–1980) என்ற உளவியலாளர் இதைப் பல குழந்தைகளிடம் செய்து பார்த்து எழுதினார். பாத்திரம் மாறினாலும் அளவு மாறாது என்பது ஏழு வயதை ஒட்டித்தான் பிள்ளைகளுக்கு உறுதிப்படுகிறது என்பது அவர் கண்டது. அண்ணனுக்கு உயரமான கிளாஸில் பால், தம்பிக்குக் கிண்ணத்தில் பால் என்று கொடுத்துவிட்டு, தம்பி ஏன் அழுகிறான் என்று நாம் கோபப்படுவதில் நியாயமே இல்லை. அவன் கண்ணுக்கு உண்மையாகவே குறைவாகத்தான் தெரிகிறது.

இங்கே விளக்கம் சொல்லி ஜெயிக்கப் பார்க்காதீர்கள், எடுபடாது. டவராவில் இருப்பதைத் திரும்ப அதே டம்ளரில் ஊற்றச் சொல்லுங்கள். பழைய மட்டத்துக்கே வந்து நிற்கும். மறுபடி டவரா, மறுபடி டம்ளர். அப்புறம் கிண்ணம், பாட்டில், தூக்குவாளி மூடி என்று கிடைத்ததிலெல்லாம் ஊற்றித் திரும்ப டம்ளருக்கே கொண்டுவரட்டும். கேள்வியை ஊற்றிய பிறகு ஒரே ஒரு தடவை கேட்பது நல்லது. அதையே இன்னொரு தடவை கேட்டால், “முன்ன சொன்னது தப்பு போல” என்று நினைத்துப் பிள்ளை பதிலை மாற்றிவிடும். அதில் அதற்குப் புரிந்ததா இல்லையா என்று நமக்கும் தெரியாமல் போய்விடும்.

வீட்டில் ஆச்சியின் பழைய ஆழாக்கும் உழக்கும் பரணில் கிடந்தால் இறக்கிக் கழுவிக்கொள்ளுங்கள். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. ஆழாக்கால் மொண்டு ஊற்றிப் படியை நிரப்ப எத்தனை வேண்டும் என்று பிள்ளையே எண்ணி எட்டு என்று சொன்னால், அறிவியலோடு பெருக்கலும் உள்ளே போய்விடுகிறது.

இன்னொரு வேடிக்கையையும் இங்கேயே முடித்துக்கொள்ளலாம். தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி மூடி, ஒரு துணியால் மறைத்துவிடுங்கள். பாட்டிலைச் சாய்த்தால் உள்ளே தண்ணீர் எப்படி நிற்கும் என்று சிலேட்டில் வரையச் சொல்லுங்கள். நிறையப் பிள்ளைகள் பாட்டில் சாய்ந்த அளவுக்குத் தண்ணீர்க் கோட்டையும் சாய்த்துத்தான் வரையும். துணியை எடுத்தால் பாட்டில் எப்படிச் சாய்ந்தாலும் தண்ணீர் படுக்கை மட்டமாகவே நிற்கும். தெருவில் எங்காவது வீடு கட்டிக்கொண்டிருந்தால் கூட்டிப்போய்க் காட்டுங்கள். கொத்தனார் நீளமான பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறு முனையை அந்தச் சுவரிலும் பிடித்து மட்டம் பார்ப்பார். நடுவில் டியூப் எப்படி வளைந்து கிடந்தாலும் இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே உயரத்தில் நிற்கும். அதை நம்பித்தான் வீடே எழும்புகிறது.

கெட்டி வேறு, கனம் வேறு

பிள்ளைகளுக்கு மட்டும் இல்லை, பெரியவர்களுக்கும் குழம்பும் இடம் இது. கெட்டியாக ஒழுகுவதெல்லாம் கனமானது என்று மனசு தானாக நினைத்துக்கொள்கிறது. இரண்டையும் தனித்தனியாகச் சோதித்தால்தான் பிரியும். அதனால் இதற்கு மட்டும் ஒரு முழு மாலையை ஒதுக்கச் சொல்வேன்.

முதலில் ஓட்டப் பந்தயம். எவர்சில்வர் தாம்பாளத்தின் ஒரு ஓரத்தில் வரிசையாக ஒவ்வொரு ஸ்பூன் தண்ணீர், நல்லெண்ணெய், விளக்கெண்ணெய், தேன். எது ஜெயிக்கும் என்று முதலில் பந்தயம் கட்டட்டும். தாம்பாளத்தைத் தூக்கிச் சாய்த்தால் தண்ணீர் கண்மூடித் திறப்பதற்குள் அடுத்த ஓரத்துக்குப் போய்விடும். நல்லெண்ணெய் அடுத்து வரும். விளக்கெண்ணெய் நிதானமாக நகரும். தேன் புறப்படுவதற்கே யோசிக்கும். திரவத்தின் ஓர் அடுக்கு தன் பக்கத்து அடுக்கை ஓட விடாமல் பிடித்து வைப்பதைத்தான் பாகுத்தன்மை என்கிறோம். விளக்கெண்ணெய்க்கு அது தண்ணீரைப்போலப் பல நூறு மடங்கு.

அடுத்து, விளக்கெண்ணெயையும் தேனையும் சின்னக் கிண்ணங்களில் ஊற்றி மாடி வெயிலில் அரை மணி நேரம் வைத்துவிட்டு, பந்தயத்தைத் திரும்ப நடத்துங்கள். சித்திரை வெயிலுக்கு இரண்டும் நன்றாக இளகி, முன்னைவிட விறுவிறுவென்று ஓடும். சூடு ஏறினால் பாகுத்தன்மை குறையும் என்பதை எட்டு வயதுப் பிள்ளை தானாகவே சொல்லிவிடும். அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நிஜக் கதையும் சொல்லலாம். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927-ஆம் ஆண்டு தாமஸ் பார்னெல் என்ற பேராசிரியர், தார் போன்ற கருங்கீலைச் சூடாக்கி ஒரு கண்ணாடிப் புனலில் ஊற்றினார். சுத்தியலால் அடித்தால் சில்லுச் சில்லாக உடையும் பொருள் அது. 1930-இல் புனலின் அடியைத் திறந்துவிட்டார். அது இன்னமும் ஒழுகிக்கொண்டிருக்கிறது, இத்தனை வருஷத்தில் விழுந்தது ஒன்பதே சொட்டு. அப்படியானால் அதுவும் திரவம்தானே? பிள்ளைகள் சண்டை போட்டுக்கொள்ளட்டும்.

சரி, இப்போது கனம். எண்ணெய் பாக்கெட்டை எடுத்து அளவு போட்டிருக்கும் வரியைப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். 1 லிட்டர், 910 கிராம் என்று இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம். ஒரே அளவு இடத்தை அடைத்துக்கொண்டு எண்ணெய் 90 கிராம் குறைவாக இருக்கிறது. வீட்டில் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் ஒரே கிண்ணத்தை மட்டமாக நிரப்பி நிரப்பி எடை போடலாம். 100 மில்லி தண்ணீர் 100 கிராம் காட்டினால், நல்லெண்ணெய் 92-ஐ ஒட்டி, தேன் 140-ஐ ஒட்டிக் காட்டும். ஒரே இடத்துக்குள் எவ்வளவு எடை அடங்கியிருக்கிறது என்பதுதான் அடர்த்தி.

இப்போது அந்தக் கேள்வியைக் கேளுங்கள். “விளக்கெண்ணெய் தண்ணியைவிடக் கெட்டி. தண்ணியில ஊத்தினா அடியில போகுமா, மேல நிக்குமா?” அடியில் போகும் என்றுதான் அநேகமாக எல்லோரும் சொல்வார்கள். ஊற்றினால் மேலேதான் நிற்கும். அத்தனை கெட்டியான எண்ணெய், எடையில் தண்ணீரைவிடக் குறைவு. கெட்டியும் கனமும் பிள்ளை மனசில் இந்த ஒரு கிண்ணத்தில் பிரிந்துவிடும்.

அடுக்கி வைத்துப் பார்க்க நம்ம ஊர் நன்னாரி சர்பத்தைவிடத் தோதான பொருள் கிடையாது. ஜிகர்தண்டா கடையில் அந்தச் சர்பத்தை ஊற்றும்போதே கவனித்திருப்பீர்கள், நேரே அடிக்குத்தான் இறங்கும். அவ்வளவு சர்க்கரை அதில் கரைந்திருக்கிறது. உயரமான கண்ணாடி டம்ளரில் மூன்று விரல்கடை சர்பத் ஊற்றுங்கள். அதன்மேல் ஒரு ஸ்பூனைக் கவிழ்த்துப் பிடித்து, ஸ்பூன் முதுகில் வழியவிட்டு மெதுவாகத் தண்ணீர். கடைசியாக நல்லெண்ணெய். பழுப்பு, நிறமில்லாதது, பொன்னிறம் என்று மூன்று அடுக்கு நிற்கும். ஒரு கறுப்புத் திராட்சையைப் போட்டால் எண்ணெயையும் தண்ணீரையும் தாண்டிப்போய்ச் சர்பத்தின் மேல் உட்கார்ந்துகொள்ளும். ஒரு ரூபாய் நாணயம் அடிவரை போகும். கடைசியாக ஒரு கலக்குக் கலக்கிவிட்டுக் கால் மணி நேரம் வைத்தால், சர்பத்தும் தண்ணீரும் கலந்து ஒன்றாகிவிட்டிருக்கும், எண்ணெய் மட்டும் திரும்ப மேலே வந்திருக்கும். கனமா லேசா என்பது ஒரு கேள்வி, கலக்குமா கலக்காதா என்பது வேறு கேள்வி. இந்த இரண்டும் ஒரே டம்ளரில் தெரிவதால்தான் இதை விட மனசு வருவதில்லை.

முட்டையை உப்புத் தண்ணீரில் மிதக்கவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெறும் தண்ணீரில் மூழ்கும் முட்டை, தூள் உப்பைக் கரைக்கக் கரைக்க எழுந்து வரும். உப்பை ஸ்பூன் ஸ்பூனாகப் பிள்ளையே எண்ணிப் போட்டால் இன்னும் நல்லது.

தேங்காய் எண்ணெயை இதற்கென்றே ஒதுக்கி வைத்தேன். அது சுமார் 24 டிகிரியில் உறையும். மதுரையில் வருஷம் முழுக்க இளகியே இருக்கும் எண்ணெய், மார்கழி விடிகாலையில் பாட்டிலுக்குள் வெள்ளையாகக் கட்டிவிடுவது அதனால்தான். கொஞ்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துக் கட்டியாக்கி, ஒரு துண்டை உருகிய தேங்காய் எண்ணெயில் போடுங்கள், மூழ்கும். ஐஸ் துண்டைத் தண்ணீரில் போடுங்கள், மிதக்கும். உறைந்தால் சுருங்கி அடர்த்தி கூடுவதுதான் பெரும்பாலான பொருள்களின் வழக்கம், தண்ணீர் உறைந்தால் விரியும். தண்ணீர் ஒரு விசேஷமான திரவம் என்று பிள்ளைக்குச் சொல்ல இந்த இரண்டு கிண்ணமே போதும்.

தண்ணீருக்குத் தோல் உண்டா?

ஒரு ரூபாய் நாணயம், ஓர் இங்க் ஃபில்லர், ஒரு கிண்ணம் தண்ணீர். “இந்தக் காசு மேல எத்தனை சொட்டுத் தண்ணி நிக்கும்?” ஐந்து, ஆறு என்று சொல்வார்கள். தைரியசாலி பத்து என்பான். சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே போனால் எண்ணிக்கை இருபதை எட்டும்போதும் தண்ணீர் வழிந்திருக்காது. தரையோடு கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பார்க்கச் சொல்லுங்கள். காசின் விளிம்புக்கு மேலே தண்ணீர் கண்ணாடிக் கவசம் கவிழ்த்ததுபோல உப்பி நிற்கும். அடுத்த சொட்டு விழும்போது அந்த உப்பல் முழுவதும் ஒரு நடுக்கம் நடுங்கி, திரும்ப நிலைக்கும். ஏதோ ஒரு சொட்டில் ஒரு பக்கம் உடைந்து மொத்தமும் வழிந்துவிடும். இந்த இடத்தில் பிள்ளைகள் போடும் கூச்சலுக்குப் பக்கத்து வீட்டிலிருந்து எட்டிப் பார்ப்பார்கள்.

தண்ணீரின் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் துகளை எல்லாப் பக்கமும் இழுப்பதால் அதற்கு ஒன்றும் தெரியாது. மேற்பரப்பில் இருக்கும் துகளுக்கு மேலே ஆள் இல்லை, அதனால் பக்கவாட்டிலும் உள்நோக்கியும் மட்டும் இழுபடுகிறது. மேற்பரப்பு இறுக்கமாகி, முடிந்தவரை சுருங்கப் பார்க்கிறது. இதுதான் பரப்பு இழுவிசை. கண்மாய்த் தண்ணீரின் மேல் காலைப் பரப்பிக்கொண்டு வழுக்கி ஓடும் பூச்சி மூழ்காமல் இருப்பது இதனால்தான். எவர்சில்வர் கிண்ணத்துத் தண்ணீரில் ஜெம் கிளிப் ஒன்றைக் கையால் போட்டால் மூழ்கும். சின்ன டிஷ்யூ துண்டின் மேல் படுக்க வைத்து, டிஷ்யூவை மட்டும் ஈர்க்குச்சியால் அமுக்கிவிட்டால் கிளிப் மேலேயே நிற்கும். கிளிப்பைச் சுற்றித் தண்ணீர் லேசாகக் குழிந்திருப்பதையும் பார்க்கலாம்.

இப்போது மிளகு. தாம்பாளத்துத் தண்ணீரில் மிளகுத்தூளைத் தூவி, பாத்திரம் கழுவும் சோப்பை ஒரு சொட்டு விரல் நுனியில் தொட்டு நடுவில் வையுங்கள். மிளகு எல்லாம் சட்டென்று ஓரத்துக்கு ஓடிவிடும். இதோடு பலரும் நிறுத்திக்கொள்கிறார்கள். நிறுத்தினால் பிள்ளை மனசில் ‘மிளகுக்குச் சோப்பு என்றால் பயம்’ என்றுதான் பதியும். அதனால் கட்டாயம் அடுத்த இரண்டையும் செய்யுங்கள். அதே தண்ணீரில் புதிதாக மிளகு தூவித் திரும்பச் சோப்பு விரலை வையுங்கள், இந்தத் தடவை ஓடாது. தண்ணீரை மாற்றிவிட்டு மஞ்சள் தூளோ முகப் பவுடரோ தூவி விரலை வையுங்கள், ஓடும். அப்படியானால் சூட்சுமம் மிளகில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது என்று பிள்ளையே வந்து சேரும். கயிறு இழுக்கும் போட்டியில் நடுவில் ஒருவன் கயிற்றை அறுத்துவிட்டால் இரண்டு கூட்டமும் பின்னால் போய் விழும் அல்லவா, அப்படி நடுவில் சோப்பு பட்ட இடத்தில் இழுவை தளர்ந்துபோக, சுற்றியுள்ள தண்ணீர்ப் பரப்பு மிளகையும் சேர்த்துக்கொண்டு ஓரத்துக்குச் சுருங்குகிறது.

பாத்திரம் கழுவும் தொட்டியிலிருந்து இந்த விஷயத்தை உலகத்துக்குச் சொன்னவர் ஒரு பெண். ஜெர்மனியைச் சேர்ந்த ஆக்னஸ் போக்கெல்ஸ் (1862–1935). பெண்கள் பல்கலைக்கழகத்தில் படிக்க முடியாத காலம் அது. வீட்டில் பெற்றோரைப் பார்த்துக்கொண்டு, சமையலறையிலேயே தகரத் தொட்டி ஒன்றைச் செய்து, எண்ணெயும் சோப்பும் பட்டால் தண்ணீரின் பரப்பு எப்படி மாறுகிறது என்று அளந்துகொண்டே இருந்தார். அதை இங்கிலாந்தின் இயற்பியலாளர் ரேலி பிரபுவுக்குக் கடிதமாக எழுதினார். அவர் அந்தக் கடிதத்தை ‘நேச்சர்’ அறிவியல் இதழுக்கு அனுப்ப, 1891-இல் அது வெளிவந்தது. பெண் பிள்ளைகளிடம் இதைச் சொல்லாமல் நான் மிளகுச் சோதனையை முடிப்பதே இல்லை.

தாமரை இலைத் தண்ணீர் என்று பேச்சுக்குச் சொல்கிறோம், நேரில் உருட்டிப் பார்த்த பிள்ளைகள் குறைவு. பூ மார்க்கெட்டில் தாமரை இலை கிடைத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், கிடைக்காவிட்டால் சேப்பங்கிழங்கு இலை. சொட்டு ஒட்டாமல் பாதரசம்போல உருண்டு ஓடும். அதே சொட்டில் கொஞ்சம் சோப்பைச் சேர்த்தால் உருளாமல் பரவ ஆரம்பிக்கும்.

சோப்பு கையில் இருக்கும்போதே இன்னொன்று. மூன்று பாட்டில்களில் போர் தண்ணீர், கேன் தண்ணீர், பிடித்துவைத்த மழைத்தண்ணீர். ஒவ்வொன்றிலும் சீவிய குளியல் சோப்பைச் சம அளவு போட்டு மூடி, எண்ணி இருபது குலுக்கு. உப்புத் தண்ணீராக இருக்கும் போர் தண்ணீரில் நுரை கட்டாமல் வெள்ளையாகத் திரிந்து நிற்கும், மழைத்தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறும். கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துக்கொள்வதுதான் காரணம். பாத்திரம் கழுவும் சோப்பு நீரில் இந்த வித்தியாசம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் குளியல் சோப்பையே எடுத்துக்கொள்ளுங்கள்.

அழகர் மேல் பாயும் தண்ணீர்

சித்திரைத் திருவிழாவுக்குப் பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர்களுக்கு இது சுலபம். கள்ளழகர் வைகையில் இறங்கும்போது பக்தர்கள் ஆட்டுத்தோல் பையில் தண்ணீர் நிரப்பிக் குறுகலான குழாய் வழியாகப் பீய்ச்சுவார்கள். கையால் இடுக்கி அமுக்கினால் அவ்வளவு தூரம் எப்படிப் பாய்கிறது?

மருந்துக் கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கிக்கொள்ளுங்கள். காற்றை இழுத்து, முனையை விரலால் அடைத்து அமுக்கச் சொல்லுங்கள். பாதி வரை உள்ளே போகும், விட்டால் திரும்ப வரும். இப்போது தண்ணீரை இழுத்து, உள்ளே காற்றுக் குமிழ் இல்லாமல் பார்த்துக்கொண்டு, அதேபோல அடைத்து அமுக்கட்டும். பிள்ளை முக்கி முக்கி அமுக்கினாலும் நகராது. திரவத்தை நம் கைப் பலத்தால் சுருக்க முடியாது. சுருங்க இடம் கொடுக்காததால், பையை அமுக்கிய அமுக்கம் முழுவதும் தண்ணீரைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. வழி குறுகலாக இருப்பதால் வேகம் கூடுகிறது.

ஆழம் கூடக்கூட அழுத்தம் கூடும் என்பதற்கு, இரண்டு லிட்டர் பாட்டிலில் மேலே, நடுவில், கீழே என்று மூன்று துளை போட்டுத் தண்ணீர் நிரப்புவார்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு. பாட்டிலைத் தரையிலேயே வைத்தால் அடித்துளைத் தண்ணீர் தூரம் போவதற்குள் தரையைத் தொட்டுவிடும், நடுத்துளைதான் ஜெயித்ததுபோலத் தெரியும். பாட்டிலை மாடிப்படியின் மூன்றாம் படி விளிம்பில் வைத்துச் செய்தால் அடித்துளைத் தண்ணீர் எல்லாவற்றையும்விடத் தூரம் பாய்வது தெளிவாகத் தெரியும். பேப்பரில் தினமும் அடிக்கணக்கில் போடுகிறார்களே வைகை அணை நீர்மட்டம், அந்த 71 அடி அணையின் சுவர் ஏன் மேலே ஒல்லியாகவும் கீழே அகலமாகவும் இருக்கிறது என்று அப்போது கேட்கலாம்.

மேலே ஏறுவதும், காணாமல் போவதும்

திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுவருவதால்தான் அகல் விளக்கு எரிகிறது. மெல்லிய இடைவெளிகளுக்குள் திரவம் தானாக ஏறும் இந்த நுண்புழை ஏற்றத்துக்கு, ஒரு சம்பங்கிக் காம்பை நீல மை கலந்த தண்ணீரில் நிற்க வையுங்கள். மறுநாள் இதழ்களில் நீலம் ஏறியிருக்கும். வெள்ளைக் கைக்குட்டையில் அங்கங்கே நூலால் இறுக்கி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்தால், முடிச்சுக்குள் சாயம் ஏற இடைவெளி இல்லாததால் வெள்ளைப் புள்ளி நிற்கும். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியின் அடிப்படை இதுவே.

ஆவியாவதற்குத் தனியாகச் சோதனை வேண்டியதில்லை. மொட்டை மாடியில் ஒரு குவளைத் தண்ணீரைக் கொட்டி, ஈரத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போட்டு, கால் மணிக்கு ஒருமுறை புதுக்கோடு போடச் சொல்லுங்கள். கத்திரி வெயிலில் நான்காவது கோட்டுக்கு வேலை இருக்காது. மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது என்பதையும் அன்றைக்கே சொல்லிவிடலாம். பானையின் நுண்துளை வழியாகக் கசிந்து வெளியே ஆவியாகும் தண்ணீர், போகும்போது உள்ளே இருப்பதன் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது.

எந்தப் பட்டியலிலும் சேராத ஒன்று

அரிசி திரவமா என்று ஆரம்பித்த பிள்ளைக்கு இவ்வளவுக்கும் அப்புறம் இதைக் கொடுங்கள். இரண்டு கப் சோள மாவில், மளிகைக் கடையில் கார்ன் ஃப்ளவர் என்று கேட்டால் தரும் வெள்ளை மாவு, ஒரு கப் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். மெதுவாக விரலை விட்டால் மோர்க்குழம்புக்குள் போவதுபோலப் போகும். ஓங்கிக் குத்தினால் கல் மாதிரி தடுக்கும். உருண்டை பிடித்தால் உருண்டையாக நிற்கும், கையை விரித்தால் விரலிடுக்கில் ஒழுகும். தண்ணீரில் மிதக்கும் மாவுத் துகள்கள் நிதானமாகத் தள்ளினால் ஒன்றையொன்று வழுக்கி விலகிக்கொள்கின்றன, திடீரென்று இடித்தால் ஒன்றோடொன்று முட்டிச் சிக்கிக்கொள்கின்றன. தேன் சூட்டுக்கு இளகியதைப் பார்த்த பிள்ளையிடம், இது எதற்கு இறுகுகிறது என்று கேளுங்கள்.

திடமா திரவமா என்று பிள்ளை கேட்டால் நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம். மட்டமாக நிற்கிறதா, சாய்த்தால் ஓடுகிறதா, குவியல் கட்டுகிறதா என்று முதல் நாள் அரிசிக்குச் செய்த அதே சோதனைகளை அதுவே செய்து பார்த்துச் சொல்லட்டும்.

விளையாடி முடித்ததைத் தொட்டியில் கொட்டிவிடாதீர்கள், குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். பழைய பேப்பரில் பரப்பி மாடியில் வைத்தால் மறுநாள் பொடியாகக் காய்ந்திருக்கும், சுருட்டிக் குப்பையில் போடலாம். எண்ணெய் பட்ட டம்ளர்களையும் முதலில் பேப்பரால் துடைத்துவிட்டு அப்புறம் கழுவுங்கள். அந்தக் கடைசி வேலையைப் பிள்ளையிடமே கொடுத்தால், எண்ணெய் ஏன் வெறும் தண்ணீரில் போகவில்லை, சோப்புப் போட்டதும் ஏன் போகிறது என்று அடுத்த கேள்வி அங்கேயே வரும்.